மீன் தொடாத நான்கு வருடம்

காலையில் அம்மாவின் கை திறக்க எவ்வளவு நேரமாகிறது என்பதை நான் காப்பித் தம்ளரை வைத்துத்தான் அளப்பேன். அவர் எழுந்து உட்கார்ந்ததிலிருந்து, தம்ளரை ஒரே கையால் பிடித்துச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகும் வரை. சில நாள் ஒரு மணி நேரம். மழை பெய்த மறுநாள் ஒன்றரை மணி நேரம். அதுவரை விரல்கள் பாதி மடங்கியபடியே இருக்கும். கணுக்கள் வீங்கி, தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுடும். நான் இரவிக்கைக் கொக்கிகளை மாட்டிவிட்டுத் தலை வாரிவிடுவேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அம்மாவின் பெயர் மலர். செனாய் பக்கம் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பதினோரு வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சரிபார்த்தவர். கை வீங்கத் தொடங்கிய வருடமே வேலையும் போயிற்று. டாக்டர் முடக்குவாதம் என்றார். அது கிழவிகளுக்கு வருவது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

வாரம் ஒரு முறை போடும் மாத்திரை வலியை ஓரளவு அடக்கி வைத்திருந்தது. ஆனாலும் இந்த வருடத் தொடக்கத்தில் இடது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதோடு, சாப்பாட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எங்களை ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அவர் பெயர் பிரீத்தி. ஜொகூர் பாருவில் பல காலமாக வியாபாரம் செய்யும் செட்டியார் குடும்பத்துப் பெண் என்று தாதி சொன்னார். எங்களைப் பார்த்ததும், "வாங்கக்கா, உக்காருங்க" என்று தமிழில் ஆரம்பித்தார். அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது.

"மொதல்ல ஒன்னு சொல்லிடறேங்க்கா. சாப்பாட்டால இந்த நோவு ஓடிப்போயிடாது. மாத்திரைதான் முக்கியம். சாப்பாடு கூடமாட ஒத்தாசை பண்ணும், அவ்ளோதான். இதக் குடிச்சா மாத்திரையே வேணாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."

"எங்க மாடியில வெள்ளையம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க மிஸ்," என்றார் அம்மா. "கத்திரிக்கா ஆகாது, தக்காளி ஆகாது, உருளக்கெழங்கு வாயு, கோழி சூடு. அவங்க பேச்ச கேட்டா நான் காத்தத்தான் குடிக்கணும்."

பிரீத்தி சிரித்துவிட்டார். "கத்திரிக்கா பாவம், அத ஏன் திட்டறாங்க? சாப்பிடுங்க. சாப்பிட்டு மறுநாள் வலி கூடுதான்னு எழுதி வெச்சுப் பாருங்க. கூடுனா விடுங்க. ஊரு சொல்லுதுன்னு விடாதீங்க."

இனிப்பான பால் டின் ஊற்றிய தேத்தண்ணி ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று கேட்டார். அம்மா இரண்டு என்றார். நான் மூன்று விரலைக் காட்டினேன். எண்ணெயில் பொரித்தது, இனிப்புத் தண்ணீர், பாக்கெட் நூடல்ஸ் எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். கீரை, பருப்பு, பழம், தவிடு போகாத அரிசி சேர்க்கச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

"அப்புறம் மீன். வாரத்துல ரெண்டு மூணு தடவ. வெலகூடுன மீனெல்லாம் வேணாம், நம்ம கெம்போங் மீனே போதும். அந்த மீன் கொழுப்பு வீக்கத்துக்கு நல்லது. கொழம்பு வைங்க, ஆவியில வேக வைங்க. பொரிக்காதீங்க."

"மீன் வேணாம் மிஸ்."

"ஏன், ஒத்துக்காதா?"

"இல்ல."

"சைவமா?"

"கோழி சாப்பிடுவேன்."

"பின்ன?"

"சாப்பிடறதில்ல," என்று சொல்லி அம்மா கைப்பையின் வாரைச் சரிசெய்தார்.

பிரீத்தி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

"சரி, அப்ப ஆளி விதை, வால்நட் சேத்துக்குங்க. மீன் அளவுக்கு வராது. இருந்தாலும் ஒன்னுமில்லாததுக்கு அது மேல்." பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய நோட்டுக் கொப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீதான சமைக்கற? பேரு என்னம்மா? லோஷினியா? மூணு வாரத்துக்கு எல்லாத்தையும் எழுதணும். என்ன சாப்பிட்டாங்க, அதுல என்னென்ன போட்ட, மறுநாள் காலையில கை எத்தனை நிமிஷம் வெறைச்சுப் போயிருந்துச்சு. ஒரு ஸ்பூன் போட்டாலும் எழுதிடு. ஒளிக்கக் கூடாது."

பஸ்ஸில் திரும்பும்போது நான் மெதுவாகக் கேட்டேன்: "அம்மா, மீன்…"

"விட்டுடு," என்றார் அம்மா.

என் அப்பா மகேஸ்வரன் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டப் போனவர். எங்கள் ஊர் கூலாயில் விடியுமுன் பஸ் ஏறி, மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் தாண்டி வேலை பார்த்துவிட்டுத் தினமும் வீடு திரும்பும் ஆண்கள் எங்கள் அடுக்குமாடியிலேயே இருபது பேராவது இருப்பார்கள். அப்பா அங்கேயே அறை எடுத்துக்கொண்டார். முதலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு போன் மட்டும். எனக்குப் பதிமூன்று வயதான வருடம், ஆடி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், அம்மா மாரியம்மன் முன்னால் நின்று, "அவரு ஊட்டுக்கு வர்ற வரைக்கும் நான் மீன் தொடமாட்டேன் தாயே" என்று வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் நான் அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உயிரான ஒன்றை விட்டால்தான் நேர்த்தி நிற்கும் என்பார்கள். அம்மாவுக்கு மீன்தான் உயிர். தீபாவளிக்குக்கூடக் கோழிக்குப் பக்கத்தில் ஒரு சட்டி மீன் குழம்பு வைப்பவர் அவர்.

அந்த வருடத் தீபாவளிக்கு முதல் நாள் அப்பா போன் செய்தார். அதுதான் கடைசி.

தீபாவளி முடிந்த வாரம் அம்மாவால் கரண்டியைப் பிடிக்க முடியாமல் போயிற்று. அடுப்பு என் கைக்கு வந்தது. பள்ளி திறந்தபோது நான் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்துக்குப் போகவில்லை. யாரும் என்னைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் அம்மாவின் கை திறக்குமுன் பள்ளிப் பஸ் போய்விடும், அவ்வளவுதான். இப்போது எனக்கு வயது பதினேழு.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போன வருடம் கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானது. அம்மாவின் முழங்காலும் வலிக்க ஆரம்பித்திருந்ததால், மாறிக்கொள்ளச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். "அவரு வந்தா எந்தக் கதவத் தட்டுவாரு?" என்றார்.

பிரீத்தி சொன்னபடி நாங்கள் தொடங்கினோம். தேத்தண்ணியில் பால் டின் ஊற்றுவது நின்றது. காலையில் ஓட்ஸ் கஞ்சியில் ஆளி விதைப் பொடி.

"இது எனக்கா, மாட்டுக்கா?" என்று அம்மா கேட்டார்.

"மாடு இவ்ளோ கேள்வி கேக்காதும்மா."

"வாயப் பாரு. ஆஸ்பத்திரியில ஒரு வார்த்த வரல, இங்க மட்டும் வாய் நீளுது."

ஆனாலும் சாப்பிட்டார். நான் எழுதினேன். முதல் வாரம் தொண்ணூறு நிமிடம், எண்பத்தைந்து, மழை, மறுபடி தொண்ணூறு. இரண்டாவது வாரம் எழுபத்தைந்து, எழுபது. மாத்திரையைக் கூட்டியதாலா, சாப்பாட்டாலா என்று எனக்குத் தெரியாது. ஒரு காலை அம்மா தானாகவே இரண்டு கொக்கிகளை மாட்டிக்கொண்டார். மூன்றாவதற்கு என்னைக் கூப்பிட்டபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கொப்பியில் ஒவ்வொரு நாளும் நான் எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்தியது. 'தூள், ஒரு ஸ்பூன்.'

அது மக்சிக் ரொஹானி கொடுக்கும் தூள். மக்சிக் கீழ்த்தளத்தில் இருக்கும் மலாய்க்கார அம்மா. காலையில் படிக்கட்டு ஓரம் மேசை போட்டு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்பார். நான் சமைக்கத் தொடங்கிய முதல் வாரம், வைத்த பருப்பெல்லாம் அடிப்பிடித்து, அம்மாவுக்குத் தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். மக்சிக் என்னவென்று கேட்டுவிட்டு உள்ளே போய், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பழுப்பு நிறத் தூளைக் கொண்டுவந்தார். எதில் வேண்டுமானாலும் ஒரு ஸ்பூன் போடு, ருசி வந்துவிடும் என்றார். வந்துவிட்டது. அன்று அம்மா இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பாட்டில் காலியாகும்போதெல்லாம் கீழே கொண்டுபோவேன், மக்சிக் நிரப்பித் தருவார். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. வறுத்த வாசம் வரும், அவர் அடுப்படி வாசம் என்று நினைத்துக்கொள்வேன். கேட்டால் அதை விட வேண்டியிருக்குமோ என்ற பயமும் இருந்திருக்கலாம். அது இல்லாமல் எனக்குச் சமைக்கத் தெரியாது.

ஒளிக்கக் கூடாது என்று பிரீத்தி சொல்லியிருந்ததால், பன்னிரண்டாவது நாள் கொப்பியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மக்சிக் மேசையைத் துடைத்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினார். வறுத்த வெங்காயம், காய்ந்த காளான், வெள்ளை மிளகு.

"வேற?"

"இக்கான் பீலிஸ் லா!" என்று சிரித்தார். "அதுதானே ருசியே."

நெத்திலி. காயவைத்து, வறுத்து, அரைத்த நெத்திலி.

நான் படியேறி வந்து சமையலறையில் நின்றேன். நான்கு வருடம். ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்பூன். அம்மா கோயிலில் நின்று கொடுத்த வாக்கை, வீட்டில் நின்று நான் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு தேதிகளை யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. தீபாவளிக்கு முதல் நாள் அப்பாவின் போன் வந்தது. தீபாவளி முடிந்த வாரம் தூள் வந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு ஒரு போனும் இல்லை. ஒருவேளை அப்பா வருவதாக இருந்திருக்கலாம். பஸ் ஏறக்கூடக் கிளம்பியிருக்கலாம். நான் ஒரு ஸ்பூன் போட்டு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேனோ?

சொன்னால் என்ன ஆகும் என்று பல தடவை எண்ணிப் பார்த்தேன். நேர்த்திதான் முன்பே உடைந்துவிட்டதே என்று அம்மா மீன் சாப்பிடத் தொடங்கலாம். கைக்கு நல்லது. அல்லது, அவர் வராததற்கு இதுதான் காரணம் என்று அம்மாவும் என்னைப் போலவே தேதி பார்க்கலாம். பிறகு அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? நான் சொல்லவில்லை. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் மதியம் முதல் கவளத்திலேயே அம்மா நிமிர்ந்தார்.

"என்னடி, சாம்பாரு சப்புன்னு இருக்கு?"

"தூள் முடிஞ்சிருச்சும்மா."

"முடிஞ்சா போயி மக்சிக்கிட்ட வாங்கிட்டு வா லா."

"மக்சிக் ஊர்ல இல்ல."

"காலையில கீழ நாசி லெமாக் வித்தது அப்ப யாரு, அவங்க ஆவியா?"

நான் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டேன். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாட்களில் சோற்றைக் குறைத்துக்கொண்டார். என்னை அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்தார்.

மூன்று வாரம் முடிந்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரீத்தி கொப்பியைப் புரட்டிக்கொண்டே, "தொண்ணூறு நிமிஷம் அறுபதுக்கு வந்திருக்கு. பரவால்லயே!" என்றார். அம்மா மூன்று வாரம் குடிக்காத பால் தேத்தண்ணியைப் பற்றி முறையிட்டார். பிரீத்தி சிரித்துக்கொண்டே ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன லோஷினி? 'தூள், ஒரு ஸ்பூன்'னு பன்னெண்டு நாள் இருக்கு. அப்புறம் காணோம். என்ன தூள்?"

வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்பது எனக்கே தெரிந்தது.

"நெத்திலித் தூளு மிஸ்," என்றார் அம்மா. "எழுதிக்குங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"மீன் சாப்பிடறதில்லன்னு சொன்னீங்களேக்கா?"

"அது கொழம்புல கெடக்கறது மிஸ். நான் கேட்டு வாங்குனதில்ல."

பிரீத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, குரலைத் தணித்தார். "ஒரு ஸ்பூன் தூளுல பெருசா ஒன்னும் கெடைக்காதுக்கா. உப்புதான் ஏறும். முழு மீனா சாப்பிட்டாத்தான். அதுவும் இன்னிக்கு சாப்பிட்டா நாளைக்குத் தெரியாது, ரெண்டு மூணு மாசம் விடாம சாப்பிடணும். உங்க இஷ்டம். ஆனா அந்த வெரல பாருங்க." அம்மாவின் சுண்டுவிரலை மெல்லத் தொட்டார். "சாஞ்சது நிமிராது. இனிமே சாயாம பாத்துக்கலாம்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. வெயில் கொட்டியது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்தும்மா தெரியும்?"

"மொத நாளுலேர்ந்து."

"மொத நாளேவா?"

"பின்ன? மீன் வாசம் எனக்குத் தெரியாதா? நெத்திலிய தூளாக்கிட்டா தெரியாதுன்னு நெனச்சியா?"

"எனக்கே தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. போன வாரந்தான் மக்சிக் சொன்னாங்க."

"அதுவும் எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? கையில சூடு பட்டுக் கொப்புளம். மூஞ்சியெல்லாம் மஞ்சத் தூளு. 'நல்லாருக்காம்மா, நல்லாருக்காம்மா'ன்னு தட்டுக்கு முன்னால நிக்கற. வாயில வெச்சதும் தெரிஞ்சுபோச்சு. துப்பச் சொல்றியா?" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அன்னிக்கே அம்மன்கிட்ட சொல்லிட்டேன். புள்ள தெரியாம போடறா, நான் தெரிஞ்சு திங்கறேன், என்னைய கேளுன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அதனாலதாம்மா அப்பா வரல."

"எதனால?"

"தூளாலதான். நான் போட ஆரம்பிச்ச வாரத்துலேர்ந்துதான் போன் நின்னுச்சு. நான் தேதியெல்லாம் பாத்தேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக்," என்றார். "இதத்தான் ஒரு வாரமா மனசுல வெச்சு மருகிக்கிட்டு இருந்தியா? சப்புன்னு சாம்பாரு வெச்சதும் இதுக்குத்தானா?" அவர் சிரித்தது போலத்தான் இருந்தது. "உங்கப்பா வராததுக்கு நெத்திலி மேல பழி போடாதடி. பாவம், அது இத்துனூண்டு மீனு."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"அவரு எங்க இருக்காரு? பாலத்துக்கு அந்தப் பக்கம். கப்பலேறி வரணுமா, வெமானம் ஏறி வரணுமா? ரெண்டு பஸ் மாறினா ஊடு. வரணும்னு நெனச்சா வந்திருப்பாரு."

இதை அம்மா வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தோம். செம்பனை மரங்களும் தொழிற்சாலைக் கூரைகளும் கடந்து போயின. செனாய் தாண்டும்போது நான் கேட்டேன்: "இவ்ளோ தெரிஞ்சும் ஏம்மா மீன் சாப்பிடல?"

இரண்டு நிறுத்தம் போனது.

"தூளு கொழம்புல கரைஞ்சு கெடக்கும், கண்ணுக்குத் தெரியாது," என்றார் அம்மா. "சாப்பிட்டேன்னும் சொல்லிக்கலாம், சாப்பிடலன்னும் சொல்லிக்கலாம். மீன வாங்கிட்டு வந்து, வெட்டி, தட்டுல வெச்சுட்டா அப்படிச் சொல்ல முடியுமா? அவரு இனிமே வரமாட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்லா."

அம்மாவின் கைக்கு நல்லது என்று மூன்று வாரமாக ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதியவள் நான். ஆனால் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்றே எனக்கு இருந்தது. அம்மா மீன் தொடாமல் இருக்கும் வரை அப்பா எங்கேயோ வந்துகொண்டிருக்கிறார். அப்படித்தான் நானும் இந்த நான்கு வருடத்தைக் கழித்திருக்கிறேன்.

அம்மா இடது கையை மடியில் விரித்து வைத்தார். சாய்ந்த சுண்டுவிரலை வலது கையால் மற்ற விரல்களோடு சேர்த்து அழுத்தினார். விட்டதும் அது பழையபடி விலகிப்போனது. மறுபடி அழுத்தினார். மறுபடி விலகியது. கூலாய் வரும் வரை இதையே செய்துகொண்டிருந்தார்.

இறங்கும்போது, "ஞாயித்துக்கெழம பசாருக்குப் போலாம்," என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். இந்த முறை அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நீண்ட நேரம் அசைந்தது. குருக்கள் கற்பூரத் தட்டோடு காத்திருந்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

ஞாயிறு காலை பசாரில் மீன்கார சீனக் கிழவர் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். ரொம்ப நாளாகக் காணோமே, இந்தியாவுக்குப் போய்விட்டாயா என்று மலாயில் கேட்டார்.

"இல்ல தவ்கே, இங்கதான் இருந்தேன்," என்றார் அம்மா.

ஐஸில் அடுக்கி வைத்திருந்த கெம்போங் மீன்களை அம்மா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற பெண் அவரை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். அம்மா நகரவில்லை. கடைசியில் ஒரு மீனைக் காட்டினார், பிறகு இன்னொன்றை. கிழவர் பழைய கணக்கில் தானாகவே மூன்றாவதைத் தூக்கித் தராசுத் தட்டில் போட்டார். அம்மா அதைத் திருப்பி வைக்கச் சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் விட்டார். மூன்றும் பையில் வந்தன.

குழம்பை நான்தான் வைத்தேன். அம்மா அடுப்புப் பக்கமே வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். புளியும் மீனும் கொதிக்கும் வாசம் வீடு முழுவதும் பரவியது. நான்கு வருடத்துக்கு முந்திய ஏதோ ஒரு சனிக்கிழமை மதியம் போல இருந்தது. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு, கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்.

தட்டு வைத்ததும் அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

"அவருக்கு ஒரு மெசேஜ் போடு. எனக்கு எழுத்து அமுக்க வராது."

"என்னன்னு?"

"இன்னிக்கு ஊட்ல மீன் கொழம்புன்னு."

"அவ்ளோதானா?"

"அவருக்குப் புரியும். அந்தத் தீபாவளிக்கு மொத நாளு போன்ல நேர்த்தியச் சொன்னப்ப சிரிச்சாரு. ஒனக்கு என்ன பைத்தியமா, நீயாவது மீன விடறதாவதுன்னாரு."

வாட்ஸ்அப்பில் அப்பாவின் பெயரைத் தேடித் திறந்தேன். நான்கு வருடம் வரிசையாக இருந்தது. எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து போனவை. தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, என் பிறந்தநாளன்று நான் அனுப்பிய ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே ஒரு டிக். போய்ச் சேர்ந்தால் இரண்டு விழும் என்பது அம்மாவுக்கும் தெரியும். அந்த எண் மூடிக்கிடக்கிறதா, எங்களுக்கு மட்டும் மூடி வைக்கப்பட்டிருக்கிறதா என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

'இன்று வீட்டில் மீன் குழம்பு' என்று எழுதி அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். தட்டை இழுத்துக்கொண்டார். வீங்கிய விரல்களால் மீனைத் தொட்டதும் கை ஒருமுறை நின்றது. நான் முள் எடுத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன்.

"வேணாம். நானே எடுத்துக்கறேன்."

வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொரு முள்ளாகத் தடவித் தடவி எடுத்தார். நழுவியதை மறுபடி பிடித்தார். முதல் துண்டை வாயில் வைத்து, மெல்லாமல் அப்படியே சற்று நேரம் வைத்திருந்தார். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு மென்றார்.

"புளி கொஞ்சம் தூக்கலு," என்றார்.

"அடுத்த தடவ குறைச்சுக்கறேம்மா."

"புதங்கெழம வெச்சிடு. வாரத்துக்கு ரெண்டு தடவன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சில்ல."

என் தட்டுக்குப் பக்கத்தில் போன் மல்லாந்து கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை அம்மா கவனித்துவிட்டார்.

"கவுத்து வை. திங்கும்போது என்ன போனு?"

கவிழ்த்து வைத்தேன். சோற்றைப் பிசைந்தேன். ஓரத்தில் வெளிச்சம் ஏதும் கசிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அம்மாவும் கையில் பிடித்த முள்ளோடு அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.